ஒரே லேப்டாப்பில் நீங்களும் நானும்

மார்ச் 4

உங்களுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கி அழித்துவிட்டேன். அழிப்பது எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

போனை நான் எடுக்க மாட்டேன். காலையிலிருந்து அக்காவின் போனுக்கும் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவளும் எடுக்க மாட்டாள். போனில் நீங்கள் பேசிக்கொண்டே போவீர்கள், நான் நடுவில் அழுதுவிடுவேன், கடைசியில் எதற்குச் சண்டை என்பதே மறந்து நானே மன்னிப்புக் கேட்டு வைப்பேன். அதனால் மெயிலில் எழுதுங்கள். எழுத்தில் குறுக்கே பேச முடியாது.

நான் ஏன் கிளம்பி வந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். பாடப்புத்தகம் வாசித்துப் பதிவு செய்யும் வேலை கையை விட்டுப் போன அன்று நீங்கள் சொன்ன வார்த்தைக்காகத்தான் வந்தேன். ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. இங்கே வந்த பிறகு வேறொன்று தெரிந்தது.

நேற்று லேப்டாப் அப்டேட் கேட்டது. சரி என்றேன். ‘போதிய இடம் இல்லை’ என்று வந்தது. இரண்டு வருடமாக நான் அதிகம் படித்த வாக்கியம் அதுதான். அக்கா வீட்டுத் தெருமுனையில் ஒரு ரிப்பேர் கடை இருக்கிறது. கொண்டையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். “இதுக்கு மேல அழிக்க எங்கிட்ட எதுவும் இல்லம்மா, ஒரு சின்ன டிஸ்க் வாங்கி மாட்ட முடியுமா” என்று கேட்டேன். அவள் எதையோ திறந்து பார்த்துவிட்டு, “இதுல இடம் இருக்கே மேடம்” என்றாள்.

திரையில் ஒரு நீளமான பட்டை. இடது ஓரத்தில் சின்னதாக ஒரு துண்டு. அதற்குப் பக்கத்தில், பட்டையின் கடைசி வரைக்கும், பெயரில்லாத ஒரு பெரிய துண்டு. “இந்தச் சின்னது நீங்க வேலை பண்ற விண்டோஸ். அறுபது ஜிபி. மொத்தம் இருநூத்தி அம்பத்தாறு. மீதி யாரோடது?” என்று கேட்டாள்.

“வீட்டுக்காரர் லினக்ஸ் போட்டிருக்கார்” என்றேன்.

அவள் திரையை மெதுவாக என் பக்கம் திருப்பி வைத்தாள். ஏதாவது சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

“சின்ன லேப்டாப், இதுல இவ்வளவுதான் பிடிக்கும்” என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள். உண்மையா, பொய்யா? எனக்கு ஒரு ஓரம், உங்களுக்கு மீதி முழுவதும். அப்படித்தான் பிரித்தீர்களா? ஆமாம் அல்லது இல்லை என்று முதல் வரியில் எழுதுங்கள். விளக்கமெல்லாம் பிறகு.

— நான்தான்


மார்ச் 5

ஆமாம்.

முதல் வரி கேட்டாய், கொடுத்துவிட்டேன். இனி என் பக்கத்தைக் கேள்.

வீட்டில் இருந்தது ஒரே லேப்டாப். உனக்கு அந்த வாசிப்பு நிறுவனத்தின் ஒலிப்பதிவு மென்பொருள் வேண்டும், அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். மென்பொருள் எழுத எனக்கு லினக்ஸ் இயங்குதளம் இல்லாமல் முடியாது. இரண்டையும் ஒரே டிஸ்க்கில் போட்டால் யாராவது ஒருவர் நெருக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். குரலைப் பதிவு செய்ய அறுபது போதும் என்று நினைத்தேன். யாரைக் கேட்டாலும் போதும் என்றுதான் சொல்வார்கள்.

ஒரு லேப்டாப்பை இரண்டு பேர் பயன்படுத்துகிறோம் என்று தெரிந்தும், ஒரு வார்த்தை சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாயே, அதற்கு என்ன பெயர்? அன்றைக்குச் சாயங்காலம் நான் வந்து மேசையைப் பார்க்கிறேன். மௌஸ் மட்டும் இருக்கிறது. மௌஸை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இந்த மாதம் 21-ம் தேதி நானும் என் கூட்டாளியும் கிடங்கு வைத்திருக்கும் அந்தக் கம்பெனியில் எங்கள் மென்பொருளைக் காட்ட வேண்டும். கிடங்கில் எந்த அலமாரி நிரம்பியிருக்கிறது, எது காலி என்று சொல்லும் மென்பொருள். உனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லியிருக்கிறேன், நீ கேட்டாயா என்பது வேறு விஷயம். இரண்டு வருட உழைப்பு. அது முழுக்க என் பக்கத்தில் இருக்கிறது. வேறு எங்கும் நகல் இல்லை. எடுத்து வைத்திருக்க வேண்டும்தான். அதைப் பற்றி இப்போது நீயும் ஆரம்பிக்காதே, கூட்டாளி ஏற்கெனவே நேற்று ஒரு மணி நேரம் ஆரம்பித்துவிட்டான்.

அந்தக் கடைப் பக்கம் மறுபடி போகாதே. நம் வீட்டு விஷயத்தைத் தெருமுனையில் கொண்டுபோய்த் திரையில் போட்டுக் காட்டியிருக்கிறாய். விண்டோஸுக்கு என் பகுதி புரியாது. ஃபார்மட் செய்து துடைத்துவிடவா என்று கேட்டாலும் கேட்கும். வேண்டாம் என்று சொல். எதையும் தொடாதே. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா, உட்கார்ந்து பேசலாம்.

— நான்


மார்ச் 7

உங்களுக்கு,

‘போதும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எது போதும் என்று என்னைத் தவிர எல்லோரையும் கேட்பீர்கள் போலிருக்கிறது.

நான் பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் வாசிக்கிறவள். அதையாவது ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? கூட்டாளியோடு போனில் பேச உங்களுக்கு முன்னறை வேண்டும் என்பதால், நான் துணி அலமாரியைத் திறந்து, தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே மைக்கை வைத்து, தலையை உள்ளே விட்டு வாசிப்பேன். துணி இருந்தால் எதிரொலி வராது. ஒரு பாடம் முடிந்ததும் சுருக்கிய பிரதியை அனுப்பிவிட்டு மூலப் பதிவை அழித்துவிடுவேன். அழித்தால்தான் அடுத்த பாடத்துக்கு இடம். புத்தகம் வெளியாகும் வரை மூலப் பதிவைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். உங்களிடம் வந்து கேட்டேன். நீங்கள் திரையிலிருந்து தலையைத் திருப்பாமல், “குப்பைய சேர்த்து வைக்காத, அனுப்பினது போதும், அழி” என்றீர்கள்.

அழித்தேன். என் அம்மாவின் அறுபதாவது பிறந்தநாள் வீடியோவையும் ஒருநாள் அழித்தேன். அறிவியல் புத்தகத்தின் ஆறாம் பாடத்துக்கு இடம் பற்றவில்லை.

போன மாதம் புத்தகத்தில் சில வரிகளைத் திருத்தினார்கள். நிறுவனத்தின் பொறுப்பாளர் அம்மா போன் செய்தார். “மூலப் பதிவ அனுப்புங்க, மாத்தின வரிய மட்டும் ஒட்டிக்கலாம்” என்றார். என்னிடம் இல்லை என்றேன். அவர் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. அப்புறம், “எல்லாத்தையும் மறுபடி வாசிக்க நேரமில்லம்மா, வேற ஒருத்தர வச்சுப் பண்ணிக்கறோம்” என்றார். பன்னிரண்டு பாடமும் போய்விட்டது. அந்தப் பிள்ளைகள் இனி வேறொருத்தி குரலில் கேட்பார்கள்.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் நீங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன். “ஒரு ஃபைல பத்திரமா வச்சுக்கத் தெரியலன்னா எதுக்கு இந்த வேலை?” சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னீர்கள். நான் ஊற்றினேன்.

எனக்கு ஏன் இடம் பற்றவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அந்த மேசையில் நீங்கள்தான். எனக்குக்கூடத் தெரியாது. நான் என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

லேப்டாப்பைத் திறந்ததும் எது வேண்டும் என்று கேட்டு வருகிற அந்தக் கறுப்புத் திரையும் ஞாபகம் வருகிறது. மேலே உங்கள் லினக்ஸ், கடைசியில் என் விண்டோஸ். சில விநாடிகளுக்குள் நான் கீழே இறங்கிப் போய் என்டர் தட்ட வேண்டும். அடுப்பில் பால் இருந்தால், வாசலில் யாராவது கூப்பிட்டால், அவ்வளவுதான். தானாக உங்கள் பக்கம் திறந்துவிடும். அணைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என் வீட்டுக்குள் போக நான் தினமும் ஓட வேண்டியிருந்தது.

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கத்தின் கடவுச்சொல்லை அனுப்புங்கள். உங்கள் வேலை முழுவதையும் வேறு டிஸ்க்கில் எடுத்து அனுப்பிவைக்கிறேன். அதற்குப் பிறகு உங்கள் பகுதியை அழிப்பேன். கேட்டு அழிக்கிறேன். நீங்கள் என்னைக் கேட்காமல் போட்டதை நான் உங்களிடம் சொல்லிவிட்டு எடுக்கிறேன்.

— நான்தான்


மார்ச் 8

கடவுச்சொல் கிடையாது.

பூட்டிய அறையின் சாவியை, கோபத்தில் இருக்கிற ஆளிடம் யாரும் கொடுக்க மாட்டார்கள். நீ ஒரு பட்டனை மாற்றித் தட்டினால் எல்லாம் போச்சு. தட்ட மாட்டாய் என்று நம்பச் சொல்கிறாயா? உன் கடிதத்தைப் படித்தால் அப்படித் தெரியவில்லை.

உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நீ எழுதுகிறாய் என்று நினைக்கிறேன். ‘குழம்பு ஊற்றினேன்’ என்பதெல்லாம் உன் பேச்சே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு என்னைப் பிடிக்காது.

வேலை போனதில் எனக்கு வருத்தமில்லை என்று நினைக்காதே. ஆனால் ஒரு பென்டிரைவ் கேட்டிருந்தால் வாங்கித் தந்திருப்பேன். நீ கேட்கவில்லை. ‘இடம் இல்லை, இடம் இல்லை’ என்று முணுமுணுத்தாய். முணுமுணுப்பை நான் எப்படிப் புரிந்துகொள்வது? எனக்கும் தலைக்கு மேல் வேலை இருந்தது. நானும் ஜாலியாக உட்கார்ந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போகிறேன். நீ வருவதும் வராததும் உன் இஷ்டம்.


மார்ச் 11

உங்களுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நீங்கள் சாத்திய வேகத்தில் கதவு கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது.

படிக்கட்டிலிருந்தே கத்திக்கொண்டு ஏறி வந்தீர்கள். மேல்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க சகலை, தண்ணி குடிங்க, அப்புறம் கத்துங்க” என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. அவர் பேசுவதே அப்படித்தான். நீங்கள் உட்காரவில்லை. நேராக மேசைக்குப் போய் லேப்டாப்பை இழுத்தீர்கள். நான் மறுபக்கத்தைப் பிடித்தேன். சார்ஜர் ஒயர் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டது. “அது என்னோடது” என்றீர்கள். அக்கா கேட்டாள், “எது? லேப்டாப்பா, அவளா?”

அதற்குத்தான் கையை விட்டீர்கள். இதைச் சொல்லியாக வேண்டும்: நீங்கள் இழுத்திருந்தால் வந்திருக்கும். என் பிடி அவ்வளவு பலமில்லை. விட்டுவிட்டு இறங்கிப் போனீர்கள்.

அதனால் என் கோபம் குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பழைய நிறுவனத்திலிருந்தே பத்து நாளில் எனக்கு ஒரு சின்ன வாய்ப்பு வருகிறது. மாதிரிக்கு ஒரு பாடம் வாசித்து, மூலப் பதிவோடு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குக்கூட இதில் இடமில்லை. உங்கள் பகுதியை அழிக்கக் கடவுச்சொல்லே தேவையில்லை என்று கடைப் பெண் சொன்னாள். வலது கிளிக், ‘டிலீட்’, ஒரு ‘யெஸ்’. அவ்வளவுதான். வந்த அன்றே செய்திருக்கலாம். செய்யவில்லை. அக்கா சொல்லிக்கொடுத்து எழுதுகிறேன் என்றீர்களே, அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “அழிச்சுத் தொலை.” நான்தான் கேட்கவில்லை.

15-ம் தேதி வரை பார்ப்பேன்.

— நான்தான்


மார்ச் 14

கடவுச்சொல்லைத் தனியாக உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். ‘கிடங்கு’ என்ற கோப்புறை. அதை முழுசாக எடு. எடுத்த பிறகு வேறு கணினியில் திறந்து பார். திறந்து பார்க்காமல் எதையும் அழிக்காதே.

வேறு எதுவும் எழுதும் மனநிலையில் நான் இல்லை.


மார்ச் 16

உங்களுக்கு,

முதல் தடவையாக உங்கள் பக்கத்துக்குள் போனேன்.

கடைப் பெண் பக்கத்தில் இருந்தாள். முதலில் எவ்வளவு பெரிய டிஸ்க் வாங்க வேண்டும் என்று தெரிய வேண்டுமே என்று, உங்கள் பகுதி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்தோம். நூற்றுத் தொண்ணூற்றாறில் இருபத்திரண்டு. நான் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்து அவளைப் படிக்கச் சொன்னேன். அவளும் அதையே படித்தாள். அந்த இருபத்திரண்டிலும் பாதிக்கு மேல் லினக்ஸே. உங்கள் ‘கிடங்கு’ மூன்று ஜிபி.

“மீதியெல்லாம் காலிதான் மேடம்” என்றாள்.

காலி. இரண்டு வருடமாக. நான் ஆறாம் பாடத்துக்காக அம்மாவின் வீடியோவை அழித்தபோது காலி. மூலப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளியபோது காலி. பொறுப்பாளர் அம்மா போனில் காகிதம் புரட்டியபோது, பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் நூற்றைம்பதுக்கு மேல் காலியாகக் கிடந்தது. ஊரார் கிடங்கில் எந்த அலமாரி காலி என்று கண்டுபிடித்துச் சொல்ல மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தீர்கள். வீட்டில் காலியாக இருந்ததை ஒரு தடவை பார்க்கத் தோன்றவில்லை.

நீங்கள் அதை நிரப்பி வைத்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. பேராசைக்காரர் என்று திட்டிவிட்டுப் போயிருப்பேன். பசிக்கிறவன் என் தட்டிலிருந்து எடுத்தால் ஒன்று. எடுத்து, சாப்பிடாமல், ஆறவைத்து, மூடி வைத்திருந்தீர்களே.

உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘கிடங்கு’ மட்டுமில்லை, உங்கள் பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். கடையில் இருந்த வேறு கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் புரியாது. திறக்கிறது என்பது மட்டும் புரிந்தது. அப்புறம்தான் அழித்தேன். நானே அழுத்தினேன். அவளை அழுத்த விடவில்லை.

அணைத்துத் திறந்தால் லேப்டாப் எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி வெள்ளை எழுத்து, ஒரு கோடு, அவ்வளவுதான். உங்களுடையதும் போய், என்னுடையதும் போய், இனி என்ன முகத்தை வைத்துக்கொண்டு யாரிடம் சொல்வது என்று கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைப் பெண் சிரித்தாள். “பயப்படாதீங்க. உள்ள வர்ற வாசல் உங்க வீட்டுக்காரர் பக்கம்தான் இருந்துச்சு. அவர் போறப்ப கதவையும் கழட்டிட்டுப் போயிட்டார்” என்றாள். ஒரு பென்டிரைவைச் செருகி எதையோ சரிசெய்தாள். விண்டோஸ் நேராகத் திறந்தது. மேலும் கீழும் ஓட வேண்டியதில்லை. பிறகு கோட்டை இழுத்து, காலி இடத்தை முழுவதும் என் பக்கம் சேர்த்தேன்.

டிஸ்க்கைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். உடையாமலிருக்க என் பழைய துப்பட்டாவில் சுற்றியிருக்கிறேன். அதில் வேறு அர்த்தம் எதையும் தேட வேண்டாம். வேறு துணி இல்லை.

ஒன்றே ஒன்றுக்குப் பதில் வேண்டும். ஏன் அவ்வளவு எடுத்தீர்கள்?


மார்ச் 22

உனக்கு,

டிஸ்க் வந்தது. எல்லாம் திறக்கிறது. நேற்றுக் கூட்டாளியின் கணினியில் ஓட்டிக் காட்டினோம். நடுவில் ஒரு தடவை நின்றுவிட்டது. அடுத்த மாதம் சரிசெய்து கொண்டுவரச் சொன்னார்கள். நீ அனுப்பாமல் இருந்திருந்தால் அதுவும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

‘காலி’ என்ற வார்த்தையை எத்தனை தடவை எழுதியிருக்கிறாய் என்று பார். ஒரு தடவை எழுதினாலே எனக்குப் புரிந்திருக்கும். ஆறவைத்த சாப்பாடு அது இது என்று எழுதியிருக்கிறாய். நான் உன் வாயிலிருந்து எதையும் பிடுங்கவில்லை. நீ இத்தனை கோபப்படும் அளவுக்கு இதில் சதி ஒன்றும் இல்லை.

ஏன் என்று கேட்டாய். லினக்ஸ் போட்ட அன்று திரையில் ஒரு பட்டை வரும், நடுவில் ஒரு கோடு இருக்கும். கோட்டைப் பிடித்து எங்கே வேண்டுமோ அங்கே இழுக்க வேண்டும். இழுத்தேன். என் பக்கம் பெரிதாகத் தெரிந்தது. சரி, பின்னால் தேவைப்படும் என்று அடுத்ததை அழுத்திவிட்டேன். அவ்வளவுதான். உன்னைக் கஷ்டப்படுத்த வேண்டும் என்று செய்யவில்லை. உனக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. இதுதான் நிஜம். வேண்டுமென்று செய்தேன் என்று மட்டும் சொல்லாதே, அதை என்னால் ஏற்க முடியாது.

உன் அக்கா கேட்டதற்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

நீ எப்போது வருவாய்? வருவாயா?


மார்ச் 25

உங்களுக்கு,

‘யோசிக்கவே இல்லை’ என்பதை மன்னிப்புக்குப் பதிலாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் குற்றச்சாட்டு என்று உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால், எனக்கு எதிராகவாவது என்னை நினைத்திருப்பீர்கள். அந்தக் கோட்டை இழுத்தபோது பக்கத்து அறையில் ஒருத்தி சட்டைகளுக்குள் தலையை விட்டு வாசிக்க வேண்டியிருக்கும் என்பது உங்கள் மனதில் எங்குமே இல்லை. இதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு முதல் தடவை மாதிரியே எரிகிறது.

மாதிரிப் பாடத்தை அனுப்பிவிட்டேன், மூலப் பதிவோடு. பொறுப்பாளர் அம்மா நேற்றுக் கூப்பிட்டார். முழுப் புத்தகம் இப்போதைக்கு இல்லை. ஒன்பதாம் வகுப்புப் புவியியலில் பயிற்சிக் கேள்விகளை மட்டும் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். பழைய இடத்துக்குப் போய்ச் சேர நாளாகும். “இந்த முறை பத்திரமா வச்சிருப்பீங்கல்ல?” என்று கேட்டார். வைத்திருப்பேன் என்றேன். அதற்கு மேல் எந்தக் கதையும் சொல்லவில்லை.

அம்மாவின் வீடியோ திரும்பி வராது. கடைப் பெண்ணிடம் கேட்டேன். முடியாது என்றாள்.

எப்போது வருவாய், வருவாயா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் பலமுறை படித்தேன். அக்காவிடம்கூடக் காட்டவில்லை. என்னைப் பற்றிய ஒரு விஷயத்தை, நீங்களே முடிவுசெய்யாமல் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். இதற்கு முன்னால் எப்போது அப்படிக் கேட்டீர்கள் என்று தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

அதனால் இதற்கு அவசரமாகப் பதில் எழுத மாட்டேன். நான் யோசிக்க வேண்டும்.